பதினோராவது ஊமைப்பெட்டி

லிண்ட்சே பாஸ்கோவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் என் கேரவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, தரையில் உள்ளங்கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணி ஆகப்போகிற நேரம். ஆள் திருடனாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. என்னிடம் திருட என்ன இருக்கிறது? ஆனால் அடுத்தவர் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பது கேரவனிலேயே குடியிருக்கிற எங்கள் ஆட்களிடையே படுக்கையறையில் எட்டிப் பார்ப்பது மாதிரி.

"என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி" என்றார்.

"அதை என் வண்டிக்கு அடியிலயா தொலைச்சீங்க?"

எழுந்து, தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். எழுபது வயதிருக்கும். வலது காதை என் பக்கம் திருப்பாமல் இடது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். குளிர்காற்று உள்ளே புகாமலிருக்க என் வண்டியைச் சுற்றிலும் தரை வரை கித்தான் கட்டியிருந்தேன். அந்தக் கித்தானைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டார். முடியாது, போய்யா என்றேன். போய்விட்டார். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அவர் தேடிவந்த பெட்டி அந்தக் கித்தானுக்குப் பின்னால்தான் இருந்தது. அது இரண்டு உயிரை வாங்கிய பெட்டியின் கூடப்பிறந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் இடத்துக்கு ஃபென்னர்ஸ் வளைவு என்று பெயர். மெனிண்டீ ஊருக்குத் தெற்கே டார்லிங் ஆறு சோம்பல் முறிக்கிற ஓர் இடம். மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, வாடகையும் கிடையாது. வீட்டை விற்றுவிட்டுக் கேரவனில் ஊர் ஊராகப் போகிற எங்களைப் போன்ற கிழடுகள் குளிர்காலம் முழுக்க அங்கே கிடப்போம். மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் ஜெனரேட்டர் ஓடலாம். அதைப் பலகையில் எழுதி மரத்தில் அடித்தவள் நான். ஆறு ஐந்துக்கு ஓடினால் கதவைத் தட்டுபவளும் நான்தான். 'போலீஸ்காரி ரேலீன்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லட்டும். ஆற்றங்கரைக்கு வந்து தொழிற்சாலை இரைச்சலைக் கேட்க எனக்குப் பைத்தியமா?

அந்த இரண்டு மணி நேரமும் ஒவ்வொருவரும் தன் ஜெனரேட்டரை வயர் எட்டுகிற மட்டும் தள்ளிக் கொண்டுபோய் ஏதாவது மரத்துக்குப் பின்னால் வைப்பது வழக்கம். தன் காதுக்குத் தூரம், அடுத்தவன் காதுக்குப் பக்கம். எல்லாச் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்த மாதிரிச் சண்டைகளைப் பார்த்துத்தான் லிண்ட்சேக்கு யோசனை வந்தது. புரோக்கன் ஹில்லில் பிறந்தவர். அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இவர் மட்டும் மேலேயே நின்று, கீழே இருப்பவர்களுக்குக் காற்று அனுப்புகிற ராட்சத விசிறிகளை முப்பத்து நான்கு வருஷம் பழுது பார்த்தார். அந்த விசிறிகள்தான் வலது காதைத் தின்றன. மனைவி ஐல்சா ஒருநாள் அடிலெய்டில் இருக்கும் தன் அக்காவோடு வாழப் போய்விட்டாள். சண்டை ஒன்றுமில்லை. ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதாம். இதை லிண்ட்சேயே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஓய்வு பெற்றபின் கேரவன் வாங்கினார். ஒரு முகாமில் ஜெனரேட்டர் சத்தத்துக்காக இரண்டு கிழவர்கள் மீன் வெட்டும் கத்தியோடு மோதிக்கொள்ளப் போனதைப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி செய்தார். வெளியே கனமான பலகை. உள்ளே, சுரங்கத்தில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டையை வெட்டி மூன்று அடுக்கு. புகைபோக்கிக் குழாயை வளைத்து, பழைய காரின் சத்தமடக்கியில் சொருகி, அடிப்பக்கமாக வெளியே விட்டார். ஜெனரேட்டரை அதற்குள் வைத்து ஓடவிட்டு மேலே டீக் கோப்பையை வைத்தால் டீ அசையாது. ஊமைப்பெட்டி என்று பெயர் வைத்தார். பதினொன்று செய்தார், பதினொன்றும் விற்றன. ஒவ்வொன்றின் மூடிக்கு உள்ளேயும் எண் பொறித்த பித்தளை வில்லை. விற்கும்போது எல்லோரிடமும் ஒரே வசனம்: "படுக்கைக்கு அடியில வெச்சாக்கூடத் தூக்கம் கலையாது, நண்பா."

நான் அதில் ஒன்றை ஏப்ரல் மாதம் மில்டுராவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பெயர் தெரியாத ஒருவனிடம் வாங்கினேன். போலீஸ்காரியின் வீட்டிலேயே சத்தம் கேட்டால் கேவலமில்லையா? பச்சை வண்ணம் அடித்து, முதல் வாரம் நாற்பது அடி தள்ளித்தான் வைத்தேன். இயக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் இலை விழுகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் எதற்கு நாற்பது அடி? முழங்கால் வலியோடு ஈரப் புல்லில் யார் நடப்பது? மே மாதம் பத்தடிக்கு வந்தது. எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூனில் வண்டிக்கு அடியில், என் படுக்கைக்கு நேர் கீழே வந்துவிட்டது.

அதே ஜூனில்தான் நெவ் வரத் தொடங்கினான்.

நெவ் என் கணவன். இரண்டு வருஷத்துக்கு முன், இதே வளைவில், இதே சிவப்பு யூகலிப்டஸ் மரத்தடியில், தூண்டிலைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தான். தூண்டிலில் மீன் இருந்தது. நாற்பத்து நான்கு வருஷக் கல்யாணம். நாங்கள் உருப்படியாகச் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்குத்தான். கூரையில் இருக்கிற சின்ன ஜன்னலை அவன் உறைபனியிலும் திறந்து வைப்பான், நான் மூடுவேன். அவன் போன பிறகு அதை நான் திறக்கவே இல்லை. வேறிடத்துக்குப் போகவும் மனசு வரவில்லை. அந்த மரம் அவன் தேர்ந்தெடுத்த மரம்.

முதல் நாள் மாலை ஐந்தரை இருக்கும். டிவியில் வினாடிவினா ஓடிக்கொண்டிருந்தது. தலை லேசாகக் கனத்தது. கட்டிலின் ஓரம் ஒருவர் உட்கார்ந்தாற்போல் அழுந்தியது. தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்க்கிற சத்தம். குச்சி இருக்கிறதா என்று காதருகே வைத்துக் குலுக்குவது நெவ்வின் பழக்கம். நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவான் என்று ஏதோ சொல்லியது. ஆறு மணிக்கு ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது.

மறுநாள் இரண்டு கோப்பை டீ போட்டேன்.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பல் கிட்டியது. ஆனால் இரண்டு வருஷம் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டவளுக்குப் பயத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தினமும் வந்தான். நான்கு மணிக்கு முன்னால் வரமாட்டான், ஆறுக்குப் பின் இருக்கமாட்டான். டிவி பார்க்கத்தான் வருகிறான் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நாலாம் நாள் பேசினான். அவனுடைய குரல்தான், ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"குளிருது ரே. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சுடேன்."

காற்றுக்காக விட்டிருக்கும் துளைகளைத் துண்டு சுருட்டி அடைத்தேன். செத்த பிறகாவது என் வழிக்கு வந்தானே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வாரம் என் பட்ஜி கிளி கூண்டின் தரையில் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துப் புதைத்தேன். எனக்கும் தலைவலி நிற்கவில்லை. அதற்கும் வயதுதான் காரணமென்று வைத்துக்கொண்டேன்.

மண்டியிட்டு நின்ற ஆளைத் துரத்தியது அதற்குப் பத்து நாள் கழித்து. அன்று மாலை முழுக்க மனசு உறுத்தியது. கெட்டவராகத் தெரியவில்லை, நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். மறுநாள் மதியம் டீக்குக் கூப்பிட்டேன். அடுப்பில் டாம்பர் ரொட்டி சுட்டுச் சர்க்கரைப்பாகு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். என்ன பெட்டி அது என்று கேட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஆறாம் எண் பெட்டியை வாங்கியவர்கள் கெல்வின், ஜாய்ஸ் என்று ஒரு தம்பதி. மலைப்பக்கம் முகாம் போட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனையக்கூடாதென்று கேரவனை ஒட்டிய முன்கூடாரத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டார்கள். சத்தம் இல்லை, அதனால் உறுத்தவில்லை. புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு மணமும் இல்லை. இரண்டு நாள் கழித்து வனக்காவலர் வந்து பார்த்தபோது இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார்களாம்.

"சத்தம் போட்ட வரைக்கும் அதைத் தூரத்துல வெச்சாங்க. நான் அதோட வாயைக் கட்டினேன், பக்கத்துல கொண்டு வந்துட்டாங்க" என்றார். "விசாரணையில பெட்டி மேல குத்தமில்லைன்னு எழுதிட்டாங்க. என் வாய் மேல எதுவும் எழுதலை. படுக்கைக்கு அடியில வைங்கன்னு சொன்ன வாய் இது."

அதிலிருந்து நான்கு வருஷமாக முகாம் முகாமாகப் போய்ப் பெட்டிகளைத் திரும்ப வாங்குகிறார். கொடுப்பவர்களுக்குப் பதிலுக்கு இரண்டு சோலார் தகடும் ஒரு லித்தியம் பேட்டரியும் தன் கையாலேயே பொருத்திக் கொடுக்கிறார். பத்துப் பெட்டிகள் கிடைத்துவிட்டன. பதினொன்று மட்டும் கைமாறி மில்டுரா சந்தைக்குப் போனதோடு தடம் மறைந்துவிட்டது.

"காதால கண்டுபிடிக்க முடியாது. நான் செஞ்சது அப்படி" என்றார். "கையைத் தரையில வெச்சா லேசா ஒரு நடுக்கம் தெரியும். அதான் நேத்து..."

என் கை டாம்பர் தட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"ஒரு விஷயம்தான் இன்னும் விளங்கலை" என்று தொடர்ந்தார். "போட்டோ காட்டினாங்க. ரெண்டு பேர்தான். ஆனா மேஜையில மூணு கோப்பை. மூணாவதுல டீ நிறைய இருந்துச்சு. கூடாரத்துக்கு அடியில இருந்த சந்துல உள்பக்கமா துண்டு சொருகியிருந்தாங்க. யாரு வந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியலை."

எனக்குத் தெரிந்தது. யார் என்று இல்லை, எப்படி என்று. நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள், கூட்டிக் கழிக்கத் தெரியும். நான்கிலிருந்து ஆறு. தலைவலி. கிளி. பித்தளை வில்லையில் '11' என்று இருந்ததை வண்ணம் அடிக்கும்போதே பார்த்திருக்கிறேன். நெவ் வந்தது ஆற்றிலிருந்து இல்லை, என் கட்டிலுக்கு அடியிலிருந்து.

"உங்க வண்டிக்கு எதுல மின்சாரம்?" என்று கேட்டார்.

"பேட்டரி" என்றேன்.

வாழ்க்கையில் நான் பொய் சொன்ன தருணங்கள் குறைவு. அதைச் சொன்னபோது முகம் சுடவில்லை. உண்மையைச் சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பெட்டியோடு நெவ்வும் போய்விடுவான். இன்னும் ஒரே ஒரு மாலை. அவனிடம் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டு, நாளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். முதல் தடவை சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லையே. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

லிண்ட்சே தலையை ஆட்டினார். மரத்தடி நிழலை நிமிர்ந்து பார்த்தார், சோலார் தகடு எதுவும் இல்லாத என் கூரையைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே தெரிந்த காலிக் கூண்டைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்திருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குப் பெட்டியை இயக்கினேன். கதவைச் சாத்தி, துண்டுகளைச் சொருகி, இரண்டு கோப்பை டீ போட்டு உட்கார்ந்தேன். வெளியே வெள்ளைக் கொண்டைக்கிளிகள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தல் எங்கோ பின்வாங்கிப் போனது. அன்று அவன் சீக்கிரமே வந்தான். கட்டில் ஓரத்தில் இல்லை, எனக்குப் பக்கத்திலேயே. தோளோடு தோள் உரசியது. தீப்பெட்டி காதுக்குள்ளேயே குலுங்கியது.

"போதும் நெவ். இன்னிக்கோட போதும்" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"கதவைத் தாழ் போடு ரே."

"தாழ் எதுக்கு?"

"அந்த ஆளு வர்றான். தாழ் போடு."

எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைத்தேன்; பார்த்தால் தரையில் கிடந்தேன். கோப்பை உடைந்து டீ கன்னத்துக்கு அடியில் வெதுவெதுப்பாகப் பரவியது. தாழ்ப்பாள் ஒரு கை தூரத்தில் இருந்தது. கையை நீட்டினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் கையை நீட்டியது கதவைத் திறக்க இல்லை, பூட்டத்தான். விரல் இரும்பைத் தொட்டது. அதற்குமேல் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

கதவு பிடுங்கிக்கொண்டு திறந்தது. யாரோ என் அக்குளுக்குள் கை கொடுத்து மூட்டை மாதிரி வெளியே இழுத்து மண்ணில் போட்டார்கள். கித்தான் கிழிகிற சத்தம் கேட்டது. தரையில் ஒட்டியிருந்த என் கன்னத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்ததும், அது சட்டென்று நின்றதும் நன்றாக நினைவிருக்கிறது. வாந்தி எடுத்தேன். லிண்ட்சேயை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவனை அனுப்பிட்டியே, உள்ளே இருக்கிறானே, டீ ஆறிப்போகுமே என்று அழுதேன். அவர் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, இடது காதை என் வாய்ப் பக்கம் வைத்து, திட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை புரோக்கன் ஹில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தபோது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கிளி இல்லாத கூண்டைப் பார்த்தபோதே சந்தேகம் வந்ததாம். விஷவாயு இருந்தால் முதலில் சாவது கூண்டுப் பறவைதான் என்று சுரங்கத்துக்குள் அதைக் கொண்டுபோவது அந்தக் காலப் பழக்கம்; சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது போதும். ஆனால் பொய் சொல்கிற ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைய முடியாமல், நான்கு மணியிலிருந்து என் வண்டிக்குப் பத்தடி தள்ளி மண்ணில் கையை வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். ஓடுகிற மற்ற ஜெனரேட்டர்களின் நடுக்கத்துக்கு நடுவே என்னுடையதைப் பிரித்து உணர அரைமணி நேரம் ஆனதாம்.

நான் திரும்பி வந்தபோது பெட்டியைக் கோடாலியால் பிளந்து விறகாக்கியிருந்தார். வில்லையை மட்டும் மற்றப் பத்தோடு ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொண்டார். சோலார் தகடுகளைப் பொருத்த வந்தபோதுதான் அடுத்த சங்கடம். மரத்தடியில் வெயில் விழாது, வண்டியை நகர்த்தியாக வேண்டும். நெவ்வின் மரத்தை விட்டா? ஒரு நாள் முழுக்க மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மின்சாரப் போர்வை ஓடாது, டிவியும் விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும், மேகமூட்டம் மூன்று நாள் நின்றால் டிவியைத் தியாகம் செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே திருகாணிகளை அடுக்கினார்.

அன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் அழுந்தியதை, தீப்பெட்டியை, ஓட்டைகளை அடைக்கச் சொன்னதை, தாழ் போடச் சொன்னதை. அவர் ஒருநாளும் பார்த்தறியாத மனிதனைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நெவ் குளிர் தாங்க மாட்டாரோ?"

"அவனா? பனி கொட்டினாலும் கூரை ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத்தான்..." என்று சொல்லவந்தவள் பாதியில் நிறுத்தினேன்.

நாற்பத்து நான்கு வருஷத்தில் நெவ் எதையாவது மூடச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

லிண்ட்சே கம்பியில் இருந்த வில்லைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். ஆறில் விரல் நின்றது. "கெல்வினுக்கும் ஜாய்ஸுக்கும் யாரோ துண்டு சொருகச் சொல்லியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வண்டியை வெட்டவெளிக்கு நகர்த்தினோம். பெட்டிகள் முடிந்துவிட்டன, ஆனாலும் அவர் வளைவை விட்டுப் போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு இன்னும் எங்காவது மண்டியிட்டுத் தரையைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு என்னிடம் வந்து டீ குடிப்பார். ஏன் என்று நான் கேட்பதில்லை. மூளையில் விஷவாயு ஏறினால் இப்படியெல்லாம் தோன்றுமென்று டாக்டர் விளக்கினார். தோன்றட்டும். என் மூளைக்கு நெவ்வைத் தெரியும். அது தானாக உண்டாக்கிய நெவ் என்றால், ஜன்னலைத் திற என்றுதான் கேட்டிருப்பான்.

இப்போது எவ்வளவு குளிரானாலும் கூரை ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன். அதற்கு நேர் கீழே, போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, நட்சத்திரங்களைப் பார்த்தபடி கிடக்கிறேன். சில மாலைகளில் கட்டிலின் ஓரம் கொஞ்சம் அழுந்தினாற்போல் இருக்கும். ஜன்னலை மூடச் சொல்கிறதா என்று காத்திருப்பேன். இதுவரை சொல்லவில்லை.